சேலத்தில் கோயில், பள்ளிவாசல், தேவாலயம்: ஒரே நாளில் சுற்ற முழு வழிகாட்டி

சேலத்தில் பல மதத்தாரின் வழிபாட்டுத் தலங்களைச் சுற்றக் கிளம்புகிறவர்கள் முதலில் தூரத்தைக் கணக்குப் போடுகிறார்கள். இந்த ஊரில் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. சுகவனேஸ்வரர், கோட்டை மாரியம்மன், அழகிரிநாதர், ஜாமியா மஸ்ஜித் நான்கும் பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நடக்கிற தூரத்தில்தான் இருக்கின்றன. திட்டத்தைக் கெடுப்பது கடிகாரம். பகல் 12 மணி வாக்கில் கோயில் நடை சாத்தினால் 4 மணிக்குத்தான் திறப்பார்கள். பள்ளிவாசலில் தொழுகை நேரத்துக்குச் சற்று முன்னும் பின்னும் சுற்றிப் பார்க்கப் போகக்கூடாது. தேவாலயத்தில் வழிபாடு இல்லாத வேளையில் கதவு பூட்டியிருக்கலாம். இந்த மூன்றையும் ஒன்றோடொன்று மோதாமல் அடுக்கிவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

எந்தக் கிழமை போவது

புதன் அல்லது வியாழன் நல்லது. செவ்வாயும் வெள்ளியும் மாரியம்மன் கோயிலில் கூட்டம் நெருக்கும். அதுவும் வெள்ளிக்கிழமை பகலில் ஜும்ஆ தொழுகை, ஆகவே பள்ளிவாசலுக்குப் போக அது ஏற்ற நாள் அல்ல. ஞாயிறு காலை தேவாலயங்களில் அடுத்தடுத்து ஆராதனையும் திருப்பலியும் நடக்கும். வழிபாட்டில் உட்கார வருகிறவருக்கு ஞாயிறுதான் சரி, கட்டடத்தைப் பார்க்க வருகிறவருக்கு அல்ல. சனிக்கிழமை பரவாயில்லை, ஆனால் புரட்டாசியில் வேண்டாம். பெருமாள் கோயில் வரிசை உங்கள் காலைப்பொழுது முழுவதையும் விழுங்கிவிடும். பிரதோஷ நாளில் சிவன் கோயிலை மாலைக்குத் தள்ளி வைக்காதீர்கள். சுமார் நாலரை முதல் ஆறு வரை நந்தியைச் சுற்றி நிற்கவே இடம் இருக்காது.

புதன் என்று சொன்னதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்காக ஒரு புதன்கிழமை சேலம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள். அந்த வாரம் பூராவும் கோட்டைப் பக்கம் வண்டி நுழையாது. ஊர் முழுக்க மாரியம்மன் கோயில்களில் பூச்சாட்டு, கம்பம் நடுதல், பொங்கல், மாவிளக்கு என்று ஒன்று மாற்றி ஒன்று நடந்துகொண்டே இருக்கும். குகைப் பகுதியில் தெய்வ வேடம் போட்டவர்கள் அலங்கரித்த வண்டிகளில் வரும் வண்டி வேடிக்கையும் அப்போதுதான். அதைப் பார்ப்பதற்கென்றே வாருங்கள். அன்றைக்கு எட்டுத் தலம் சுற்றுகிற யோசனை மட்டும் வேண்டாம்.

ரமலான் மாதத்தில் மாலை நேரப் பள்ளிவாசல் பயணத்தைத் தவிர்த்து முற்பகலில் போங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரமும் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரமும் தேவாலயங்களில் வேலை மும்முரமாக இருக்கும், யாரும் நின்று பேச முடியாது.

என்ன உடுத்துவது, என்ன எடுத்துப்போவது

எல்லா வாசலுக்கும் பொருந்துகிற ஒரே உடையைப் போட்டுக்கொள்வதுதான் சாமர்த்தியம். ஆண்களுக்கு வேட்டியோ முழுநீளப் பேன்டோ, அதோடு கை வைத்த சட்டை. அரைக்கால் சட்டை எங்கேயும் ஒத்துவராது. பெண்களுக்குப் புடவை அல்லது சுடிதார். கூடவே இரண்டு, இரண்டரை மீட்டர் நீளமுள்ள பருத்தித் துப்பட்டா ஒன்று. பள்ளிவாசலில் தலையை முழுக்க மூடவும் கத்தோலிக்க ஆலயத்தில் முக்காடு போடவும் வெயிலில் நடக்கும்போது தலையில் போர்த்திக்கொள்ளவும் அது ஒன்றே போதும். நைலான் துப்பட்டா தலையில் நிற்காது, வழுக்கிக்கொண்டே இருக்கும்.

தோல் பெல்ட்டையும் தோல் பர்ஸையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஜைனக் கோயிலில் தோல் பொருளோடு உள்ளே போகக்கூடாது. வாசலில் பெல்ட்டைக் கழற்றி எங்கே வைப்பது என்று முழிப்பவர்களை அடிக்கடி பார்க்கலாம். துணிப்பை இரண்டு வேண்டும்: ஒன்று செருப்புக்கு, ஒன்று பிரசாதத்துக்கு. வார் வைத்த ஷூ வேண்டாம். நாள் முழுக்க ஆறேழு முறை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் பிராகாரக் கல் பதினோரு மணிக்கே கால் சுடும். பழைய சாக்ஸ் ஒரு ஜோடி பையில் கிடக்கட்டும்.

பத்து, இருபது ரூபாய் சில்லறையாகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். அறநிலையத்துறைக் கோயில்களில் அர்ச்சனைக்கும் சிறப்பு தரிசனத்துக்கும் கவுன்டரில் சீட்டு உண்டு. சீட்டு இல்லாமல் யாராவது தனியாகக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

அர்ச்சனைத் தட்டு எல்லாக் கோயிலிலும் வாங்காதீர்கள், ஒரே ஒரு இடத்தில் போதும். உடைத்த தேங்காய் மூடியை மதிய வெயிலில் பையில் தூக்கிக்கொண்டு அலைந்தால் சாயங்காலத்துக்குள் ஊசிவிடும்.

காலை 6.30: சுகவனேஸ்வரர்

ரயிலில் வருகிறவர்கள் சூரமங்கலத்தில் இருக்கும் ஜங்ஷனில் இறங்கி, டவுன் பஸ்ஸில் பழைய பஸ் ஸ்டாண்டு வந்துவிடுங்கள். அங்கிருந்து நடைதான்.

சுகம் என்றால் கிளி. கிளி முகம் கொண்ட சுகர் முனிவர் பூசித்த இடம் என்பது தல புராணம், அதனால் சுவாமிக்குச் சுகவனேஸ்வரர் என்று பெயர். அம்பாள் சொர்ணாம்பிகை. இங்குள்ள முருகனை அருணகிரிநாதர் திருப்புகழில் பாடியிருக்கிறார். முதலில் இந்தக் கோயிலுக்குப் போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூன்று கோயில்களில் நிதானமாகச் சுற்ற நேரம் பிடிப்பது இதுதான், காலையில்தான் பிராகாரம் குளுமையாக இருக்கும். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சன்னதி வரிசை தெரியாதவர்கள் பிள்ளையாரில் தொடங்கி வலமாக வந்து, கடைசியில் பைரவர், நவக்கிரகம் என்று முடித்தால் யாருக்கும் குறுக்கே போக மாட்டீர்கள்.

கூட வருகிறவர்களில் இந்துக்கள் அல்லாதவர்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: தமிழகக் கோயில்களில் வழக்கமான எல்லை கொடிமரம். கோபுரம், வெளிப் பிராகாரம், மண்டபத் தூண்கள் வரை பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். வாசலில் வந்து நின்றுகொண்டு இதைச் சொன்னால் அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். கூட்டத்தை இரண்டாகப் பிரித்து, உள்ளே போகாதவர்களோடு ஒருவர் வெளிப் பிராகாரத்திலேயே இருந்து சிற்பங்களைக் காட்டுவது நல்ல வழி.

செல்போனை அணைத்துப் பையில் போடுங்கள். தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. கெடுபிடி கோயிலுக்குக் கோயில் மாறும். ஆனால் கருவறைப் பக்கம் போனைத் தூக்கினால் எங்கேயும் திட்டு நிச்சயம்.

8.00: கோட்டை மாரியம்மன், அழகிரிநாதர்

நடுவில் டிபன். பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஓட்டல்களுக்குப் பஞ்சமில்லை. பூ வேண்டுமென்றால் வ.உ.சி. மார்க்கெட்டில் வாங்குங்கள். கோயில் வாசலில் வாங்குவதைவிட அங்கே பூ புதிதாக இருக்கும்.

திருமணிமுத்தாற்றங்கரையில் இருக்கிறாள் கோட்டை மாரியம்மன். சேலத்தில் பேட்டைக்குப் பேட்டை மாரியம்மன் கோயில் உண்டு. அவர்களுக்கெல்லாம் மூத்தவள் இவள் என்பது ஊர் வழக்கு. அதனால்தான் ஆடிப் பண்டிகையில் இவளை வைத்தே மற்றதைக் கணக்கிடுகிறார்கள். உப்பும் மிளகும் கொட்டுவது, கண்ணுக்கும் கை காலுக்கும் வேண்டிக்கொண்டு அந்த உறுப்பின் உருவம் வாங்கிப் போடுவது போன்ற நேர்த்திக்கடன்களை இங்கே நேரில் பார்க்கலாம். வேண்டுதல் செய்கிறவர்களை நெருங்கிப் படம் எடுக்காதீர்கள். தரையில் உருண்டபடி உருளுதண்டம் போடுகிறவர் வந்தால் சட்டென்று ஓரமாக ஒதுங்கி வழிவிடுங்கள், அவருக்கு முன்னால் பாதை தெரியாது.

அழகிரிநாதர் பெருமாள் கோயில் அதே கோட்டைப் பகுதியில்தான். தாயார் சுந்தரவல்லி. வைகுண்ட ஏகாதசியன்று சொர்க்கவாசல் திறக்க விடியற்காலையிலிருந்தே ஊர் திரண்டுவிடும். மற்ற நாட்களில் அமைதியான கோயில். சிவன் கோயில் பழக்கத்தில் இங்கேயும் திருநீறுக்குக் கை நீட்டுகிறவர்கள் உண்டு. இங்கே கிடைப்பது தீர்த்தம், துளசி, தலையில் சடாரி (பெருமாள் பாதம் பொறித்த கிரீடம்). தீர்த்தத்தை வலது உள்ளங்கையைக் குழித்து வாங்கி, உறிஞ்சும் சத்தம் இல்லாமல் குடிக்க வேண்டும். சடாரி வைக்கும்போது குனிந்து, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொள்வது வழக்கம்.

பத்தேகாலுக்குள் இரண்டு கோயிலையும் முடித்துவிடுங்கள்.

10.30: ஜாமியா மஸ்ஜித்

இதுவும் திருமணிமுத்தாற்றங்கரைதான். திப்பு சுல்தான் இங்கே தொழுததாக ஊரில் சொல்வார்கள். பத்தரையிலிருந்து பதினொன்றரை வரைதான் பார்வையாளருக்கு ஏற்ற நேரம். விடியற்காலைத் தொழுகை எப்போதோ முடிந்திருக்கும், லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்கு இன்னும் நேரம் இருக்கும்.

எந்தப் பள்ளிவாசலுக்குப் போனாலும் முதலில் தேட வேண்டியது தொழுகை நேரப் பலகையை. ஒரே பலகையில் சின்னச் சின்னதாகக் கடிகார முகங்கள் வரிசையாக இருக்கும்: ஃபஜ்ர், லுஹர், அஸர், மக்ரிப், இஷா, ஆறாவதாக ஜும்ஆ. இவை ஓடுகிற கடிகாரங்கள் அல்ல. அடுத்த ஜமாஅத் (கூட்டுத் தொழுகை) எத்தனை மணிக்கு என்று காட்ட முள்ளைக் கையால் திருப்பி வைத்திருப்பார்கள். சில இடங்களில் இது மின்பலகையாக மாறிவிட்டது. எந்த முள் எங்கே நிற்கிறதோ அதற்கு அரை மணி முன்பே நீங்கள் வெளியே வந்திருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் தொழுகை நேரத்தை நம்பி வருகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். அது தொழுகை நேரம் தொடங்குவதைச் சொல்கிறது. ஜமாஅத் கூடும் நேரத்தை அந்தந்தப் பள்ளிவாசல் முடிவு செய்கிறது.

நுழைவதற்கு முன் அனுமதி கேளுங்கள். தொழுகை நடத்தும் இமாம், பாங்கு சொல்லும் முஅத்தின், நிர்வாகியான முத்தவல்லி, இல்லையென்றால் அலுவலகத்தில் இருக்கிற யாராவது. "உள்ளே வந்து பார்க்கலாங்களா பாய்?" என்று கேட்டால் போதும். பெண்கள் கூட வந்திருப்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். எதுவரை வரலாம், எந்தப் பக்கமாக வரலாம் என்பதை அவர்களே சொல்வார்கள். சொன்னதற்கு மேல் வாதாட வேண்டாம். தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்யும் தண்ணீர்த் தொட்டியில் காலை விட்டுக் கழுவாதீர்கள். அதன் ஓரத்தில் உட்கார்ந்து, கையால் அள்ளியோ குழாயில் பிடித்தோ கழுவுவதுதான் முறை. தொழுகிறவர் ஒருவர் இருந்தாலும் அவருக்கு முன்னால் குறுக்கே நடக்கக்கூடாது, பின்புறமாகச் சுற்றிப் போங்கள். விரிப்பில் செருப்புப் பையை வைக்காதீர்கள்.

நெற்றியில் திருநீறோ குங்குமமோ இருந்தால் அழித்துவிட்டுப் போக வேண்டுமா என்று பலர் தயங்குகிறார்கள். வேண்டியதில்லை. கேட்டு நுழைகிற விருந்தாளியின் நெற்றியை யாரும் ஆராய்வதில்லை. ஆனால் பிரசாதப் பையை வெளியிலேயே யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போவது மரியாதை.

11.40: தலைவெட்டி முனியப்பன், அல்லது புத்தர்

சேலத்தைத் தவிர வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத ஒரு இடம் இது. கோட்டை ரோட்டில் தலைவெட்டி முனியப்பன் என்று பல தலைமுறையாக ஆடு கோழி பலியோடு கும்பிடப்பட்டு வந்த சிலை. இது புத்தர் என்று வழக்கு நடந்தது. தொல்லியல் துறையினர் வந்து, சிலை மீதிருந்த பூச்சுகளை அகற்றிப் பார்த்து அறிக்கை கொடுத்தார்கள். 2022 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் இது புத்தர் சிலைதான் என்று சொல்லி, இடத்தைத் தொல்லியல் துறை வசம் ஒப்படைக்கவும், புத்தர் என்று அறிவிப்புப் பலகை வைக்கவும், பூசை செய்ய அனுமதிக்க வேண்டாம் என்றும் உத்தரவிட்டது. பொதுமக்கள் வந்து பார்க்கத் தடையில்லை என்றது.

அவசரப்படாமல் சிலையைக் கீழிருந்து மேலே பாருங்கள். தாமரைப் பீடம். அதன்மேல் ஒரு காலை மற்றதன் மீது மடக்கி வைத்த அர்த்த பத்மாசனம். மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரு கைகள், தியான முத்திரை. முனியப்பனுக்கு வழக்கமாக இருக்கும் ஓங்கிய அரிவாளோ முறுக்கிய மீசையோ இல்லை. மேலே போனால் தோளை நோக்கி நீண்ட காது மடல், சுருள் சுருளான தலைமுடி. கழுத்தில் வந்து கண் நிற்கும். தலை உடலிலிருந்து வெட்டுப்பட்டு, பின்னால் எப்போதோ சிமென்ட் வைத்துச் சற்றே பொருந்தாமல் ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. ‘தலைவெட்டி’ என்ற பெயர் வந்த வழி அதுதான்.

தீர்ப்பு ஒரு பக்கம், தாத்தா காலத்திலிருந்து முனியப்பனுக்குக் கிடா வெட்டிய குடும்பங்கள் இன்னொரு பக்கம். அங்கே நின்றுகொண்டு யாரிடமும் "இது உங்க சாமி இல்லை" என்று விளக்கம் சொல்லப் புறப்படாதீர்கள். பார்த்துவிட்டு வாருங்கள், இருபது நிமிடம் போதும். பௌத்தத்தில் ஆர்வம் அதிகமுள்ளவர்கள் வேறொரு நாள் ஆத்தூர்ப் பக்கம் தியாகனூருக்குப் போகலாம். அங்கே இரண்டு புத்தர் சிலைகள் இருக்கின்றன.

பகல்: சாப்பாடு, தேவாலயங்கள்

கோயில் நடை சாத்தியிருக்கும் 12 முதல் 4 வரையிலான நேரத்தைத் தேவாலயங்களுக்கு வைப்பதுதான் இந்தத் திட்டத்தின் அச்சாணி. சாப்பிட்டு இரண்டு மணிக்கு ஆட்டோ பிடியுங்கள். இடத்துக்கு இடம் தனித்தனியாகப் பேசாமல், மாலை வரைக்கும் சேர்த்து ஒரே தொகை பேசிக்கொள்வது மிச்சம்.

முதலில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிறிஸ்து நாதர் ஆலயம். 1871-இல் தொடங்கி 1875-இல் முடிந்த கட்டடம். வரைந்தவர் ராபர்ட் சிஸம். சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தைக் கட்டிய அதே கட்டடக் கலைஞர். ஆட்டோக்காரரிடம் முழுப் பெயரையும் சொல்லுங்கள். "சி.எஸ்.ஐ. சர்ச்" என்று மட்டும் சொன்னால் வேறொரு ஆலயத்தில் இறக்கிவிடுவார், ஊரில் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. வார நாளில் கதவு சாத்தியிருந்தால் வளாகத்தில் ஆலய ஊழியரைத் தேடிப் பிடியுங்கள். திறந்துவிடுவார். முந்தைய நாளே போன் செய்துவிட்டால் இந்தத் தேடல் மிச்சம்.

அடுத்தது நான்கு ரோட்டில் குழந்தை இயேசு பேராலயம். 1930-இல் உருவான சேலம் மறைமாவட்டத்தின் தலைமை ஆலயம் இது, அதனால்தான் பேராலயம். செருப்பு விஷயத்தில் தேவாலயத்துக்குத் தேவாலயம் வழக்கம் மாறும். படியில் செருப்புகள் கிடந்தால் நீங்களும் கழற்றுங்கள், இல்லாவிட்டால் கேளுங்கள். உள்ளே திருப்பலி அப்பத்தை வைத்திருக்கும் நற்கருணைப் பேழை இருக்கும் இடத்தைச் சிவப்பு விளக்கு காட்டும். அந்தப் பக்கம் சத்தமில்லாமல் இருக்க வேண்டும். பீடத்தின் படிக்கு மேல் ஏறாதீர்கள். திருப்பலி நடந்துகொண்டிருந்தால் பின் வரிசையில் உட்காருங்கள். மற்றவர் எழும்போது எழுந்தால் போதும், முழந்தாளிட வேண்டிய கட்டாயம் இல்லை. நன்மை (திருப்பலியில் தரும் அப்பம்) வாங்க எல்லோரும் வரிசையில் போகும்போது நீங்கள் எழாதீர்கள். அது பிரசாதம் என்று நினைத்துக் கைநீட்டுவது அப்பாவித்தனமாக நடக்கிற தவறு. கத்தோலிக்கருக்கு அது கிறிஸ்துவின் உடல், திருமுழுக்கு பெற்ற கத்தோலிக்கர் மட்டுமே வாங்கலாம். மெழுகுதிரி ஏற்றுவதற்கு யாருக்கும் தடையில்லை.

4.30: ஜைனக் கோயில்

வணிகத்துக்காக வந்து இங்கேயே வேரூன்றிவிட்ட ராஜஸ்தான், குஜராத் குடும்பங்களின் கோயில்கள் சேலத்தில் உண்டு. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக் கடைக்காரர்களைக் கேட்டால் வழி காட்டுவார்கள். இருட்டுவதற்குள் போங்கள். வாயில் எதையும் மெல்லாமல், தோல் இல்லாமல், சாப்பாட்டுப் பொட்டலம் இல்லாமல் நுழைய வேண்டும். ஜைனர் வணங்கும் தீர்த்தங்கரர் சிலையைத் தொட்டுப் பூசை செய்வது காலையில் குளித்துப் பூசைத் துணி உடுத்தியவர்களுக்கு மட்டும். நீங்கள் கருவறைப் படிக்கு வெளியே நின்று பாருங்கள். தரையில் அரிசியால் சுவஸ்திகம் வரைந்து வைத்திருக்கும் சின்னப் பலகைகளை மிதித்துவிடாதீர்கள், இடறிக் கலைத்துவிடுகிறவர்கள் உண்டு.

ஆறு மணிக்குக் கால் வலிக்கத் தொடங்கியிருக்கும். தட்டுவடை செட் போடும் தள்ளுவண்டிகளும் அப்போதுதான் களைகட்டும். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். சேலத்துக்கு வந்து இதைத் தின்னாமல் போவது பாவம் என்று எல்லா மதத்தாரும் ஒத்துக்கொள்வார்கள்.

எங்கே சறுக்கும்

காலையில் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பினால் அது ஒரு மணி நேரத்தோடு நிற்காது. அழகிரிநாதர் 11 மணிக்குத் தள்ளும், பள்ளிவாசல் 12-ஐத் தாண்டும், லுஹருக்கு ஆட்கள் வரத் தொடங்குவார்கள், நீங்கள் வாசலோடு திரும்புவீர்கள். தாமதமாகிவிட்டால் அழகிரிநாதரை மாலைக்கு மாற்றிவிட்டு நேரே பள்ளிவாசலுக்குப் போங்கள்.

ஆட்களின் எண்ணிக்கை இன்னொன்று. நான்கு முதல் ஆறு பேர் என்றால் எந்த வாசலிலும் விருந்தாளிகள். பத்தைத் தாண்டினால் சுற்றுலாக் கும்பல். பள்ளிவாசலுக்கும் தேவாலயங்களுக்கும் ஜைனக் கோயிலுக்கும் முன்னமே சொல்லியிருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் நான்கு இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐந்தாவது இடத்தில் அவர்கள் கவனிப்பது தண்ணீர்க் குழாயை மட்டும்தான்.

மறுநாள் இருந்தால்: ஏற்காடு

20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால் சேர்வராயன் மலை. வயிறு புரட்டுகிறவர்கள் வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள், நிறையத் தின்றுவிட்டும் ஏறாதீர்கள். ஏற்காடு ஊருக்குள்ளேயே ஆங்கிலேயக் காபித் தோட்டக்காரர்கள் காலத்துத் தேவாலயங்கள், பள்ளிவாசல், சற்றுத் தள்ளி ராஜராஜேஸ்வரி கோயில் எல்லாம் இருக்கின்றன. ஆனால் மலைக்கே பெயர் கொடுத்த சாமி இருப்பது உச்சியில், ஏறத்தாழ 5,300 அடி உயரத்தில். கோபுரம் கிடையாது, குகைதான். வாசல் தாழ்வு, குனிந்துதான் நுழைய வேண்டும். முதுகுப் பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாறையில் சிக்கும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். மலையாளிப் பழங்குடி மக்களின் தெய்வங்கள். மே மாதத்தில் திருவிழா. அந்த நாட்களில் மலைக் கிராமங்கள் எல்லாம் அங்கே திரளும், நீங்கள் வரிசையில் கடைசி ஆளாக நிற்பதுதான் முறை.

மே மாதத்தில் கோடை விழா மலர்க் கண்காட்சியும் நடக்கும். அந்த நாட்களில் சேலம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கச் சொல்லிப் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். இறங்கும் நேரத்தைக் கூட்டியே கணக்குப் போடுங்கள். மழைக்காலத்தில் மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிடும், உச்சியில் எதிரே நிற்கிறவர் முகம் தெரியாது. குகைக் கோயிலைக் காலையிலேயே பார்த்துவிட்டு, ஊருக்குள் இருப்பவற்றைப் பிற்பகலுக்கு வையுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.